மலையுச்சியில் ஏலம் விட்ட அருளப்பன்

அருளப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெங்களூர் பிரேசர் டவுன் சந்தையில் காய்க்காரர் எடைக்கல்லைத் தட்டில் வைத்தபடியே, "உங்க மலைக்காரரு போயிட்டாராமே சார், காலைல சொல்லிக்கினு போனாங்க" என்றார். எந்த மலைக்காரர் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரே ஒரு மலைக்காரரைத்தான் தெரியும். காயை அப்படியே போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். துக்கத்தைவிட எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி ஒரு மாதமாக ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனுஷன். டாக்டரிடம் போங்கள் என்று நான் நச்சரித்தபோதெல்லாம் சிரித்து மழுப்பியவர்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கடைசி சில வருஷங்களில் அவரோடு பழகியவர்களுக்கு, ஏலக்கூடத்தின் கிடங்கில் உட்கார்ந்து சாமான்களுக்குச் சீட்டுக் கட்டுகிற, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் பேச்சு விளங்குகிற ஒருவரைத்தான் தெரியும். அவருக்கு முன்பு எப்படிப்பட்ட குரல் இருந்தது என்றும், அது எங்கே போயிற்று என்றும் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம் இருக்கிறோம். எழுதச் சோம்பாதவன் நான் ஒருவன்தான்.

நாடு விடுதலை அடைந்த சமயத்தில், தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறின. பியானோ, தொட்டில், மான் கொம்பு, சாய்வு நாற்காலி எல்லாம் ஏலக்கூடங்களில் வந்து குவிந்தன. அப்படி ஒரு கூடத்தில் அருளப்பன் கூவுகிறவர். முதலாளி சுத்தியலோடு மேசையில் உட்கார்ந்திருப்பார். பொருளைத் தூக்கிக் காட்டி, அதன் பெருமையைப் பேசி, கூட்டத்தை உசுப்பேற்றுவது அருளப்பனின் வேலை. தமிழ், கன்னடம், உருது, அரைகுறை இங்கிலீஷ் எல்லாம் கலந்து கூவுவார். ஒலிபெருக்கி கிடையாது. அவர் "ஒரு தரம்!" என்றால் தெருமுனையில் டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பான். நான் புத்தக அலமாரி வாங்கலாம் என்று போய், அவர் பேச்சில் சொக்கிப்போய், எங்கள் வீட்டில் யாருக்கும் பயன்படாத ஒரு குடை ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு திரும்பினேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, ஸ்டாண்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் சிநேகம் இப்படித்தான் தொடங்கியது.

யாரும் சீந்தாத சாமான்களை முதலாளி அவருக்கே கொடுத்துவிடுவார். அப்படி வந்தவைதான் ஒரு ஜோடி பூட்ஸும், ஒரு கான்வாஸ் பையும், பெங்களூரைச் சுற்றியுள்ள மலைகளையும் ஏரிகளையும் காட்டும் ஒரு சர்வே வரைபடமும். "தொரைங்க இதப் பாத்துக்கினுதான் ஞாயித்துக்கிழமையானா மலைக்குப் போயிருக்கானுங்க சார். நாம இங்கியே பொறந்து வளந்து ஒரு மலையும் பாக்கல. இன்னா பேஜார் புடிச்ச பொழப்பு இது!" என்றார். அந்த வரைபடத்தில் உயரத்தைக் காட்டப் பழுப்பு நிறக் கோடுகள் உண்டு. படித்தவர்கள் சொல்லும் விளக்கமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. "கோடுங்க நெருங்கி வந்தா வாய மூடிக்கினு ஏறு. தள்ளித் தள்ளி இருந்தா பாட்டு பாடிக்கினு போ" என்பார்.

அப்படிச் சேர்ந்த கூட்டம் எங்களுடையது. ஒரு தையல்காரர், ஒரு கம்பவுண்டர், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் முனிரத்தினம், சர்க்கார் குமாஸ்தாவான நான், இன்னும் சிலர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரயிலோ பஸ்ஸோ பிடித்து, மலையேறி, கட்டுச்சோறு தின்று, இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்புவோம். நந்தி மலையில் மேகத்துக்குள் நுழைந்து ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு நடந்திருக்கிறோம். மாகடிப் பக்கத்துச் சாவனதுர்காவின் வழுக்குப் பாறையில் நான் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, மேலேயும் வர மாட்டேன் கீழேயும் போக மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அருளப்பன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "குமாஸ்தா சாரே, ஆபீசுல மேல போவணும்னு மட்டும் துடிக்கிறீங்களே" என்று கேட்டார். எரிச்சலில் நான் எழுந்து ஏறிவிட்டேன்.

எங்களுக்கு மிகவும் பிடித்த மலை ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அதன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அடிவாரத்தில் இன்றும் ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. சின்ன ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்து, இலந்தைப் புதருக்கும் உருண்டைப் பாறைகளுக்கும் நடுவே ஏற வேண்டும். உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர் ஒன்று உண்டு. அதன்மேல் ஏறி நின்றால் ஏரி முழுவதும் தெரியும், ராகிக் கொல்லைகள் தெரியும், ரயில் புகை விட்டுக்கொண்டு வளைந்து போவது தெரியும். மலைக்குப் பின்புறம் ஆடு மேய்ப்பவர்களின் சின்ன ஊர் ஒன்று, பத்துப் பதினைந்து கூரை வீடுகள்.

அந்தச் சுவரின்மேல் நின்றுகொண்டு அருளப்பன் கண்ணில் பட்டதையெல்லாம் ஏலம் விடுவார். "அதோ பாரு ஏரி! கொக்கு இனாம்! யாரு கேக்குறீங்க?" நாங்கள் கட்டுச்சோற்றில் இருக்கும் பலகாரத்தை வைத்துக் கேட்போம். "அருளப்பா, ரெண்டு முறுக்கு!" என்பார் தையல்காரர். "அருளப்பா, முறுக்கோட ஒரு வடை!" என்பார் முனிரத்தினம். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று அவர் இழுக்கும்போது எதிர்ப்பாறை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். பின்புறத்து ஊரிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து மேலே பார்த்துச் சிரிப்பார்கள். "பார்த்த எடத்த எவனும் வூட்டுக்குத் தூக்கிக்கினு போவ முடியாது. அதான் இந்த ஏலத்துல யாருக்கும் நஷ்டமில்ல" என்று அருளப்பன் சொல்வார். நஷ்டம் யாருக்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

முனிரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த ஆள், விரல் நுனியில் எப்போதும் அச்சு மை. அவர் என்னைப் போல இந்து, மனைவி எஸ்தர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பெண். ஒரே தெருவில் வளர்ந்து, இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டவர்கள். எங்கள் கூட்டம் திரும்பி வர இரண்டு ரயில் உண்டு. சர்ச்சில் மாலை ஆராதனை இருப்பவர்கள் முதல் ரயிலுக்கு இறங்கிவிடுவார்கள். அருளப்பன் கத்தோலிக்கர், விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டே வருவார். அதனால் அவரும், என்னைப் போல் கோவிலுக்கு நேரம் பார்க்காத மற்றவர்களும் அடுத்த ரயிலில் வருவோம். முனிரத்தினம் இரண்டிலும் சேருவார். மனைவியைச் சர்ச் வாசலில் இருந்து அழைத்து வரத் தோன்றினால் முதல் ரயில், இல்லாவிட்டால் எங்களோடு. யாரிடமும் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அந்த மார்கழி ஞாயிறன்று ஏலம் முடிந்து, சாப்பிட்டு முடித்து, ஆராதனைக்காரர்கள் இறங்கிப் போனார்கள். பிறகு நாங்கள் கிளம்பினோம். முனிரத்தினம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். "மொத ரயிலுக்கே போயிட்டாரு, எஸ்தரம்மா நெனப்பு வந்துடுச்சு" என்று கம்பவுண்டர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம். முதலில் இறங்கியவர்களும் ஸ்டேஷனில், அவர் அருளப்பனோடு வருகிறார் என்று இதே மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சர்ச் வாசலில் அவரைக் காணாத எஸ்தர், அடுத்த ரயிலில் வருவார் என்று வீட்டுக்குப் போய்ச் சமைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் எஸ்தர் அருளப்பன் வீட்டுக்கு வந்து, "அண்ணே, அவரு உங்க வூட்டுலயா படுத்துக்கினாரு?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த ரயிலில் அருளப்பனும் கம்பவுண்டரும் நானும் போனோம். உச்சியில் ஒன்றும் இல்லை. பின்புறம் இறங்கி ஊருக்குள் போய் விசாரித்தபோது, ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் மேலே கையைக் காட்டினாள். "நின்னெ சஞ்செ கேளிஸ்து. பானுவாரா அல்வா, நீவு கூகோதே அல்வா" என்றாள். நேற்று மாலை சத்தம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை அல்லவா, நீங்கள் கூவுவது வழக்கம்தானே என்றாள். என்ன கூவினார்கள் என்று அருளப்பன் கன்னடத்தில் கேட்டார். எப்போதும் கூவுகிற அதே பேர்தான் என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பேரைச் சொல்லிக் காட்டினாள். "அருளப்பா, அருளப்பா." இருட்டும் வரைக்கும் கேட்டதாம்.

அவள் காட்டிய திசையில், நாங்கள் இறங்கும் வழிக்குச் சத்தம் எட்டாத பின்சரிவில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கில் முனிரத்தினம் கிடந்தார். கால் எலும்பு முறிந்திருந்தது. வேறு பெரிய காயம் ஒன்றும் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லை, மேலே ஒரு சட்டைதான். மார்கழிக் குளிர் அந்த மலையில் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அருளப்பன் அவர் முகத்தில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். போலீஸும் ஆட்களும் வந்து தூக்கும்வரை அதைத்தான் செய்தார்.

எஸ்தர் வீட்டு வாசலில் கூடிய ஜனம் தானாகவே ஒரு கதையைச் செய்துகொண்டது. விழுந்த உடனே உயிர் போய்விட்டது, ஒரு கஷ்டமும் படவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்களில் ஒருவரும் அதை மறுக்கவில்லை. எஸ்தரும் அதைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நிமிசம்கூடக் கஷ்டப்படலியாம், கர்த்தர் அவ்ளோதான் எனக்குச் செஞ்சாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அருளப்பன் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு மாதம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். "எஸ்தரம்மா அந்த எடத்தப் பாக்கணும்னு சொல்லுது சார். கேட்டா இன்னா சொல்றது?"

"உடனே போயிட்டாருன்னு சொல்லுங்க" என்றேன். "அந்தப் பொம்பளைக்கு மிஞ்சியிருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எதுக்குப் பிடுங்கறீங்க?"

"அவன் எம் பேரச் சொல்லிக் கூப்ட்டான் சார்."

"அதனாலதான் சொல்றேன். உங்க பாரத்தை எறக்கி வைக்க அவங்க தலையா கெடைச்சுது?"

எனக்கு நான் சொன்னது சரி என்றுதான் பட்டது. அதை இன்றும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

எஸ்தர், அருளப்பன், துணைக்கு நான், மூவரும் ஒரு வார நாளில் போனோம். வெள்ளைச் சேலையோடு அந்த அம்மாள் ஒரு இடத்திலும் உட்காராமல் ஏறினார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அந்த இடுக்கை அருளப்பன் காட்டியதும், எஸ்தர் குனிந்து பாறையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"அண்ணே, இவ்ளோ பள்ளந்தானா? இதுல வுழுந்தா ஒடனே உயிர் போயிடுமா?"

நான் அருளப்பனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போவலம்மா. ஒடனே போவல. கூப்ட்டுக்கினு இருந்தாரு."

"எவ்ளோ நேரம்?"

"இருட்டுற வரிக்கும்னு கீழ சொன்னாங்க. அவங்களுக்குக் கேட்டுச்சு. நாங்க எப்பவும் கத்துற கத்தலுதான்னு நெனச்சிக்கினாங்க."

"இன்னான்னு கூப்ட்டாரு? என்னியா?"

"இல்லம்மா. அருளப்பா, அருளப்பான்னு."

எஸ்தர் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் கீழ அந்த ஊருக்குப் போறேன். நீங்க இதுக்குள்ள எறங்கிக்கினு, அவரு கூப்ட்ட மாதிரியே கூப்டுங்க. எனக்குக் கேக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க சார், வழி காட்டுங்க" என்றார். அருளப்பன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு இடுக்கில் இறங்கினார்.

கீழே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குரல் வர ஆரம்பித்திருந்தது. முதலில் மெல்ல, பிறகு பலமாக. "அருளப்பா... அருளப்பா..." ஏலக்கூடத்தையே ஆட்டிவைத்த குரல் அது, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்காரப் பெண் எஸ்தரின் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எஸ்தர் ஒரு மண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கேட்டார்.

"நல்லாவே கேக்குது" என்றார் கடைசியில். "போதும்னு சொல்லுங்க சார்."

எப்படிச் சொல்வது? இடுக்குக்குள் இருப்பவருக்கு நாங்கள் கை காட்டினால் தெரியாது. கீழிருந்து யாராவது கத்தினால்தான் உண்டு. அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் எழவில்லை, எனக்கும் எழவில்லை. நான் மறுபடியும் மலையேறினேன். என் கால்களையும் என் மூச்சையும் அன்று திட்டிய திட்டு கொஞ்சமில்லை. ஏறும் நேரம் முழுக்க அவர் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி வழியில் குரல் கம்மியது. அப்புறம் கீறல் விழுந்தது. நான் இடுக்கின் விளிம்பில் போய் நின்றபோது வாய் மட்டும் அசைந்தது, காற்றுதான் வந்தது. தோளைத் தொட்டு, "போதுமாம்" என்றேன். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. நான் உள்ளே இறங்கி அவர் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குரல் திரும்பி வரவே இல்லை. டாக்டர் தொண்டையில் தடவ மருந்து கொடுத்தார், யாரோ அதிமதுரம் கொடுத்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. முதலாளி நல்லவர், கூவ முடியாதவரைக் கிடங்கில் வைத்துக்கொண்டார். எங்கள் கூட்டம் பாதியாகக் கரைந்தது. மிஞ்சியவர்களோடு அருளப்பன் தொடர்ந்து மலைக்குப் போனார், அந்த மலையைத் தவிர. எல்லோருக்கும் கடைசியில் நடப்பார். யாராவது குஷியில் கூவ வாயெடுத்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார். "இங்க கத்துனா, கஷ்டத்துல கத்துறவன் கொரலு வெளங்காம பூடும்" என்பார், அந்தக் காற்றுக் குரலில். புதிதாக வந்தவர்கள் இதைக் கிழவரின் கிறுக்கு என்று நினைத்தார்கள். எஸ்தர் அன்று ரயிலேறியதிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அருளப்பன் ஓரமாக ஒதுங்கி நிற்பார், அந்த அம்மாள் கடந்து போவார்.

அருளப்பனின் அடக்கத்துக்கு எஸ்தர் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலுக்குள் வராமல் வெளியிலேயே நின்றார். எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது என்னைக் கூப்பிட்டார். தலைமயிர் நன்றாக நரைத்துவிட்டது.

"எல்லாரும் எங்கிட்டப் பொய் சொன்னீங்க சார். இவரு ஒருத்தர்தான் நெசத்தச் சொன்னாரு. சொல்லாம வுட்டிருந்தா, நான் இத்தினி வருசம் ராத்திரி தூங்கியிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா எம் புருசன் எப்பிடிச் செத்தாருன்னு தெரியாத பொண்டாட்டியா இருந்திருப்பேன்" என்றார். இரண்டில் எது மேல் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நண்பர்களே, அருளப்பன் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. என் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரம் டாக்டர் என்னை மட்டும் தனியே அழைத்துப் பேசினார். வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் படுத்தபடியே, "என்ன சொன்னார்? மறைக்காம சொல்லுங்கோ" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, டானிக் எழுதியிருக்கிறார் என்று சொல்ல என் நாக்கு தயாராக இருந்தது. வாழ்நாள் முழுக்க நான் அந்தக் கட்சிதான். ஆனால் மலைப்பாறை நடுவே இறங்கி நின்று தன் பெயரைத் தானே கூப்பிட்ட மனுஷன் எனக்கு விட்டுப் போனது வேறு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.